இழுக்கும் மூச்சு

(டிக்கோயாவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது என் அப்பா பெரட்டுக்களத்தில் விழுந்தார். 1979, மார்கழிக் குளிர். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா தன் பேருக்குக் குரல் கொடுத்தார், கவ்வாத்துக் கத்தியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார், அப்படியே சரிந்தார். கத்தி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வயது 46. முதல் நாள் மாலை விறகுக்கட்டு சுமந்து மலையேறி வந்தவர்.

நாலைந்து பேர் ஓடிவந்து நிமிர்த்திப் போட்டார்கள். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். இன்னொருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்து மூடினார். அப்பாவின் வாய் மெல்லத் திறந்தது, குறட்டை போல ஒரு சத்தத்தோடு ஒரு மூச்சு வந்தது. பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் கழித்து இன்னொரு மூச்சு. "இழுக்குது" என்றார் யாரோ. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. லயத்துக்குத் தூக்கி வந்தார்கள். அப்பாயி பால் டம்ளரோடு வாசலுக்கு வந்தார். தான் பெற்ற மகனின் வாயில் மூன்று தரம் பால் ஊற்றினார். கொழுந்து லொறி அதற்குப் பிறகுதான் வந்தது.

பிற்காலத்தில் நான் தோட்ட வைத்திய உதவியாளராகப் பயிற்சி பெற்று, டிஸ்பென்சரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரைக்கும் எத்தனையோ வீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்டேன். இழுக்குது. இன்று அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் ஊரில் யார் திடீரென்று இறந்தாலும் "மாரடைப்பு" என்கிறோம். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைபடுவது மாரடைப்பு. அந்த மனிதருக்கு நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், இடது கை கடுக்கும், ஆனால் நம்மோடு பேசுவார். ஆஸ்பத்திரிக்குப் போக அவருக்கு நேரமிருக்கிறது. இதயம் நின்றவருக்கு அந்த நேரம் கிடையாது. பெரும்பாலும் என்ன நடக்கிறதென்றால், இதயத்தின் தசைநார்கள் தாளம் தவறிவிடுகின்றன. திருவிழாவில் பத்துத் தப்புக்காரர்கள் ஆளுக்கொரு அடி அடித்தால் எப்படி இருக்கும்? சத்தம் இருக்கும், ஆட்டம் இருக்காது. அப்படி அந்தத் தசை துடிதுடித்துக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டு இரத்தமும் வெளியே போகாது. மாரடைப்பு வந்தவருக்கும் இது நேரலாம், மின்சாரம் பாய்ந்தவருக்கும் நேரலாம், வேறு காரணத்தாலும் நேரலாம்.

சில விநாடிகளில் ஆள் நினைவிழந்து விழுகிறார். மூளைக்கு இரத்தம் போகாமல் நான்கு, ஐந்து நிமிடங்கள் கடந்தால் அதன் உயிரணுக்கள் மீளமுடியாதபடி கெடத் தொடங்குகின்றன. அந்த இடைவெளியில் மூளையின் அடித்தண்டு மட்டும், தலைமுறை தலைமுறையாக மூச்சுவிடக் கற்ற அந்தச் சிறு பகுதி மட்டும், விடாமல் முயன்று பார்க்கிறது. அந்த முயற்சிதான் அந்த இழுக்கும் மூச்சு. யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரிடம் அது தென்படுகிறது என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. பார்ப்பவர்களில் ஒரு சாரார் "மூச்சு இருக்கு, பயமில்லை" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் "இழுக்குது, முடிஞ்சிருச்சு" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். என் அப்பாவின் மூளை அந்தப் பெரட்டுக்களத்தில் அப்போது இன்னும் சாகவில்லை. உதவி கேட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு அந்த மொழி தெரியவில்லை.

அந்த மொழியை உலகம் புரிந்துகொண்ட கதை நம்மைப் போன்ற தொழிலாளர்களின் சாவிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் மின்கம்பங்களில் ஏறி வேலை செய்தவர்கள் மின்சாரம் தாக்கி அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று ஆராய 1920களிலேயே மின்கம்பனிகள் பணம் கொடுத்தன. பால்டிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்த ஆராய்ச்சியில் இறங்கியவர் வில்லியம் கூவன்ஹோவன். அவர் டொக்டர் அல்லர், மின்பொறியியலாளர். நின்ற இதயத்தை மின்னதிர்ச்சியால் மறுபடி தாளத்துக்குக் கொண்டுவரும் கருவியை அவர் குழு உருவாக்கியது. 1958இல் அவருடைய மாணவர் நிக்கர்பொக்கர், ஆய்வுக்கூடத்து நாயின் மார்பில் அந்தக் கருவியின் கனத்த தகடுகளை வைத்து அழுத்தும்போது, மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன்பே இரத்த அழுத்தம் சற்று ஏறுவதைக் கவனித்தார். அழுத்தமே இரத்தத்தைத் தள்ளுகிறது! அறுவைச்சிகிச்சை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட்டும் சேர்ந்துகொள்ள, மூவரும் 1960 ஜூலையில் தங்கள் கட்டுரையை வெளியிட்டார்கள். அதே நகரில் பீட்டர் சஃபார் என்ற மயக்க மருந்து நிபுணர் வாயோடு வாய் வைத்து ஊதும் முறையை ஏற்கெனவே நிறுவியிருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் சி.பி.ஆர்.

இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். லக்ஷபானவில் மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ நீர்த்தேக்கம் நம் கண்முன்னே கிடக்கிறது. இந்த மலைத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் நம் லயங்களின் கூரைக்கு மேலாகக் கொழும்புக்குப் போயிற்று. நம்மில் பலருடைய வீட்டுக்கு அது வெகுகாலம் பிந்தித்தான் வந்தது. இந்த அறிவும் அப்படித்தான். என் அப்பா விழுந்தபோது அந்தக் கட்டுரைக்கு 19 வயது. அதில் சொன்னபடி செய்ய மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம், இரண்டு கைகள் போதும். அன்று அந்தக் களத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கைகள் இருந்தன.

இனி, இதனால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வி. நேர்மையான பதிலையும் நீங்கள் தாங்கிக்கொள்வீர்கள் என்று நம்பிச் சொல்கிறேன்.

1960ஆம் ஆண்டுக் கட்டுரையில் 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்ததாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்குள்ளே, டொக்டர்களின் கண்முன்னே இதயம் நின்றவர்கள். தெருவிலும் வீட்டிலும் விழுகிறவர்களின் கணக்கு வேறு. சுவீடனில் 1990 முதல் 2011 வரை, பிறர் பார்த்திருக்க விழுந்த 30,381 பேரைப் பற்றிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. அம்புலன்ஸ் வருவதற்கு முன்பே யாராவது சி.பி.ஆர். செய்திருந்தால், 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 10.5 சதவீதம். யாரும் செய்யாதிருந்தால் 4 சதவீதம். அதாவது அழுத்தினாலும் நூறு பேரில் சுமார் தொண்ணூறு பேர் போய்விடுகிறார்கள். நம் சினிமாவில் காட்டுவது போலக் கதாநாயகன் நெஞ்சில் நாலு குத்துக் குத்தியதும் கண் திறப்பது நடப்பதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வந்தது: திரையில் சி.பி.ஆர். பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் அந்த இடத்திலேயே உயிர்பெற்று எழுந்தார்கள். அதைப் பார்த்துப் பழகிய மனம், நிஜத்தில் ஒருவர் எழாதபோது தன்னைத்தானே குற்றம் சொல்கிறது. "நான் சரியாகச் செய்யவில்லையோ" என்று வருடக்கணக்கில் மருகுகிறவர்களை நான் அறிவேன். அவர்களுக்காகவும் இந்த எண்களைச் சொல்கிறேன்.

ஆனாலும் 4க்கும் 10.5க்கும் நடுவில் உள்ளதை நினைத்துப் பாருங்கள். நூறு பேரில் ஆறேழு பேர். பிரிட்டனில் 8,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய பெரும் ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. இதயம் நின்றவர்களுக்கு அம்புலன்ஸில் அட்ரினலின் ஊசி போட்டபோது 3.2 சதவீதம் பேர் பிழைத்தார்கள், போடாதபோது 2.4 சதவீதம். ஊசி சேர்த்துக் கொடுத்தது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. டொக்டர் வந்து ஏதோ பெரிய மருந்து போடுவார் என்று காத்திருக்கிறோமே, அவர் வருவதற்கு முன் பக்கத்தில் நின்றவர் செய்ததுதான் பெரிது.

பெரிதிலும் பெரிது, மின்னதிர்ச்சிப் பெட்டி சீக்கிரம் கிடைப்பது. அமெரிக்கச் சூதாட்டக் கூடங்களின் காவலாளிகளுக்கு அந்தக் கருவியைக் கையாளக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். விழுந்து மூன்று நிமிடங்களுக்குள் அதிர்ச்சி கொடுக்கப்பட்டவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு போனார்கள். மூன்று நிமிடம் தாண்டியபோது அது 49 சதவீதமாக இறங்கியது. காவலாளிகள்! டொக்டர்கள் அல்லர். கூடமெங்கும் கமரா இருந்தது, விழுந்ததை உடனே பார்த்தார்கள், பெட்டி பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்றும் செய்யாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது.

இந்தக் கணக்கை டிக்கோயாவுக்குக் கொண்டுவருவோம். நமக்கு இன்று பல வசதிகள் இருக்கின்றன. நன்றியோடு சொல்லவேண்டும். இந்திய அரசின் உதவியில் கட்டிய 150 கட்டில் கிளங்கன் ஆஸ்பத்திரி 2017 மே 12 அன்று திறக்கப்பட்டது.  2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கிய, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இன்று நாடு முழுவதும் ஓடுகிறது. என் அப்பாவின் காலத்து லொறிப் பலகையை நினைத்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம்! ஆனாலும் மேல் டிவிஷனில் ஒருவர் விழுந்தால், எவ்வளவு விரைந்து வந்தாலும், அந்தக் குறுகிய கல்ரோட்டில் அம்புலன்ஸ் ஐந்து நிமிடத்தில் ஏறிவராது. சாரதியின் குற்றம் இல்லை, மலையின் கணக்கு அது. ஆகவே நம் ஊரில் அந்த முதல் நிமிடங்களுக்குச் சொந்தக்காரர்கள் கொழுந்து பறிக்கும் அக்கா, பக்கத்து வீட்டுப் பையன், பிள்ளைக் காம்பரா ஆயா, ஆட்டோக்காரத் தம்பி.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் லயங்களுக்குச் சரியான முகவரி கிடையாது. காகிதம் வந்தால் தோட்டத்து ஒபிஸுக்கு வரும். அம்புலன்ஸுக்கு என்ன சொல்வது? தோட்டத்தின் பேர், டிவிஷன், ஏறும் சந்தி, பக்கத்துக் கோவில் இவற்றைச் சொல்லுங்கள். ஒருவர் அழுத்தும்போதே இன்னொருவர் போன் பேசட்டும், மூன்றாமவர் டோர்ச்சோடு சந்திக்கு ஓடட்டும். இதை ஒவ்வொரு வீட்டிலும் முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

செய்யும் முறை எளிது. ஆள் விழுந்து கிடக்கிறார். தோளைத் தட்டிக் கூப்பிடுகிறீர்கள், பதில் இல்லை. மூச்சு இல்லை, அல்லது அந்த இழுக்கும் மூச்சு. உடனே கட்டாந்தரையில் மல்லாத்திப் போடுங்கள், கட்டிலில் வேண்டாம், மெத்தை அமுங்கும். மார்பின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகம், அதன்மேல் மற்றக் கை. முழங்கை மடங்காமல், உடம்பின் பாரம் இறங்க, 5 சென்ரிமீற்றர் அமுங்கும்படி அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுக்க எழும்ப விடுங்கள், எழும்போதுதான் இதயம் மறுபடி நிறைகிறது. மிக நன்றாகச் செய்தாலும் இயல்பான இரத்த ஓட்டத்தில் கால்பங்கு, மூன்றிலொரு பங்குதான் கிடைக்கும். மூளையைச் சற்று நேரம் தாக்குப்பிடிக்க வைக்க அது போதும். களைத்தால் ஆளை மாற்றுங்கள், கையை நிறுத்தாதீர்கள். பெரியவர்கள் திடீரென்று விழுந்தால் வாயில் ஊதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அழுத்தினாலே போதும். இந்தியாவின் மயக்கவியல் மருத்துவர்களும் 2017இல் பொதுமக்களுக்கு அழுத்துவதை மட்டுமே கற்பிக்கும் முறையை வகுத்தார்கள். ஆனால் நீர்த்தேக்கத்திலும் கிணற்றிலும் மூழ்கி எடுக்கப்பட்ட பிள்ளைக்கு மூச்சு தடைப்பட்டதால்தான் இதயம் நின்றது. அங்கே ஊதுவதும் கட்டாயம் வேண்டும். 30 அழுத்தம், 2 மூச்சு.

குளவி கொட்டி மூச்சடைத்து விழுகிறவர்களை மலையகத்தில் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறோம். அவர்களுக்கு முதலில் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர். மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒவ்வாமையில் இதயம் நிற்பதற்கு முன் போடும் ஊசி இது.

இனிச் சொல்லப்போவது கூச்சமான விஷயம், ஆனால் சொல்லாவிட்டால் ஆள் சாகும். மலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பக்கத்தில் நிற்கும் கங்காணி ஆண். ஒரு பெண் விழுந்தால் பத்துப் பேர் பார்க்க அவள் நெஞ்சில் கை வைக்க அவர் தயங்குவார். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவிலேயே பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதத்தினருக்கும் பெண்களில் 39 சதவீதத்தினருக்கும்தான் அக்கம்பக்கத்தார் சி.பி.ஆர். செய்தார்கள் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. கை வைப்பது எலும்பின் மேல். உடுப்பைக் கழற்றவேண்டியதில்லை. பெண்கள் சூழ்ந்து நின்று சேலையால் மறைப்புப் பிடிக்கலாம். அதைவிட நல்ல வழி, பறிக்கும் பெண்களே இதைக் கற்றுக்கொள்வது. கொழுந்துக் கூடையை நெற்றியில் தாங்கி ஏற்றம் ஏறும் உடம்புக்கு இந்த அழுத்தம் ஒன்றும் பெரிதில்லை.

விலா எலும்பு முறியுமா? முறியலாம். ஒருமுறை கோவில் திருவிழாவுக்கு மின்விளக்குக் கட்டிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவனுக்கு மின்சாரம் பாய்ந்தது. யாரோ புத்தியாக முதலில் சுவிட்சை நிறுத்தினார்கள். நானும் இரண்டு பையன்களும் மாறி மாறி அழுத்தினோம், வாகனத்திலும் நிறுத்தவில்லை, ஆஸ்பத்திரியில் அதிர்ச்சி கொடுத்ததும் இதயம் தாளத்துக்கு வந்தது. பத்து நாள் கழித்து அவன் அம்மா டிஸ்பென்சரிக்கு வந்தார். "ஐயா, எம்புள்ள நெஞ்செலும்ப ஒடச்சிப்புட்டீங்களே, சிரிக்கக்கூட முடியலயாம்" என்று அழுதார். அழுதுகொண்டே ஒரு பை நிறையக் கரட்டும் லீக்ஸும் மேசையில் வைத்தார். நான் அழுத்திய மற்றவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்கள் முகமும் எனக்கு நினைவிருக்கிறது.

கடைசியாக, அப்பாயியின் பால் டம்ளரைப் பற்றி. அந்த வழக்கத்தை நான் பழித்துப் பேச வரவில்லை. எண்பது வயது கடந்து, மாதக்கணக்கில் படுத்து, புற்றுநோயோ சிறுநீரகக் கோளாறோ உடம்பை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டுபோய், பிள்ளைகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஒருவருக்கு மூச்சு இழுக்கும். அங்கே இதயம் நிற்பது நோயின் முடிவு. ஆஸ்பத்திரியில் சி.பி.ஆர். பெற்ற 65 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் நான்கு இலட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பற்றிய ஆய்வில், உயிரோடு ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறியவர்கள் 18 சதவீதம். முற்றிய நோயில் கிடப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் சுருங்கும். அவர் விலா எலும்பை முறித்து எதை மீட்கப்போகிறோம்? அந்த வாசலில் பாலும் பிள்ளைகளின் கையும்தான் வைத்தியம். நாக்கு நனைய ஒரு சொட்டு போதும். இதைப் பெரியவர்கள் தெளிவாக இருக்கும்போதே டொக்டரோடும் பிள்ளைகளோடும் பேசி வைப்பது நல்லது.

46 வயதில் பெரட்டுக்களத்தில் விழுந்தவரின் இழுப்பு அது இல்லை. 2020 மே 26 அன்று மலையகத் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் 55 வயதில் காலமானார் என்ற செய்தி வந்தபோது, அன்று பகல்கூடச் சந்திப்புகளில் இருந்தவராயிற்றே என்று இந்த மலை முழுவதும் திகைத்தது. அந்தத் திகைப்புத்தான் அடையாளம். நேற்றுவரை, இன்று காலைவரை நன்றாக இருந்தவர் சட்டென்று விழுந்து மூச்சை இழுத்தால், அந்த வாயில் பால் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போகும். கை நெஞ்சுக்குப் போகவேண்டும். என் அப்பாயிக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சாகும்வரை அவர் மகனுக்குத் தன் கடமையைச் செய்ததாகவே நம்பினார், நானும் கடைசிவரை அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

டென்மார்க் 2005இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது, அடுத்த வருடம் சாரதி அனுமதிப்பத்திரம் பெறுவோருக்கும் கட்டாயமாக்கியது. 2001இல் விழுந்தவர்களில் 21 சதவீதத்தினருக்கே அக்கம்பக்கத்தார் சி.பி.ஆர். செய்தார்கள், 2010இல் அது 45 சதவீதத்தை எட்டியது. 30 நாள் பிழைத்தவர்கள் 3.5இலிருந்து 10.8 சதவீதமானார்கள். அந்தப் பத்தாண்டில் சிகிச்சைகளும் மேம்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நம் பாடசாலைகளில் சாதாரண தரம் எழுதும் முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க அதிபர்களைக் கேட்கிறேன். தோட்ட நிர்வாகங்களைக் கேட்கிறேன்: ஸ்டோருக்கு ஒரு மின்னதிர்ச்சிப் பெட்டி, பெரட்டுக்களத்துக்கு ஒரு பயிற்சி நாள். சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிப் பாதையில் விழுகிறவர்களுக்கும் நம் பிள்ளைகள் உதவலாம்.

நேரமாகிவிட்டது. பக்கத்து மண்டபத்தில் பாய் விரித்து நான்கு பயிற்சிப் பொம்மைகளை வைத்திருக்கிறோம். பொம்மை போதாதென்று கொழுந்துச் சாக்கில் துணி அடைத்துத் தைத்தவையும் ஆறு இருக்கின்றன. அங்கே தப்போடு ஒரு அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தாத்தா இந்த மலையில் பெரட்டுத் தப்பு அடித்தவர். நிமிடத்துக்கு 110 அடி என்று அவருக்குப் பழக்கியிருக்கிறேன், பிசகாமல் அடிப்பார். தேநீர் கொதிக்க இன்னும் கால் மணி நேரம் ஆகும். முதல் வரிசையில் இருக்கும் அம்மாமார் முதலில் வாருங்கள்.